விழாத பாறைக்கு ஐந்து பிள்ளைகளோடு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன், சொல்லப்போனால் என் வயதுக்குக் கொஞ்சம் அதிகப்படியான சுகம்தான். நீ அங்கே எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா? ஆஸ்பத்திரி லேபில் நைட் ஷிப்ட்டை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை இன்னும் ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டுதான் உனக்கு விடிகிறதா? முந்தாநாள் நீ ஃபோன் பண்ணியபோது, "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு, ஓடி வந்தியா?" என்று கேட்டாய், நானும் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். துணியும் இல்லை, மாடியும் இல்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதி தொண்டை வரை வந்து நின்றுகொண்டிருந்தது. ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் தலையைப் பின்னாலும் வாலை முன்னாலுமாக உளறிவைப்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீ வாயைத் திறக்க முடியாது. நல்ல சேதிதான், பயப்படாதே, எனக்குச் சர்க்கரையும் ஏறவில்லை, வீட்டுக் கூரையும் ஒழுகவில்லை. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. கதைப் புத்தகத்தையே பின்பக்கமிருந்து புரட்டுகிறவள் நீ, அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் கதை. முன்னறைக் காப்பகத்தில் இப்போது ஐந்து பிள்ளைகள்தான், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன், கை கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு பலகை போட்டதில் எல்லோருக்கும் குழாய் எட்டுகிறது, எட்டுவதால் அறை முழுக்கத் தண்ணீர். பிள்ளைகளை உனக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. இரட்டைப் பையன்கள் இரண்டு பேர், வலது, இடது என்று கூப்பிடுகிறோம், தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்களோ அதை வைத்து. ஒருவன் எதைச் செய்கிறானோ மற்றவன் அதற்கு நேரெதிர். அடுத்தவன் வக்கீல், ஐந்து வயது, "கை கழுவிட்டுச் சாப்பிடணும்னுதானே சொன்னீங்க, சோப்பு போடணும்னு சொல்லலையே" என்று கேட்கிற ரகம். அப்புறம் ஒரே பெண், அவளுக்கு 'ஏன்' என்றே பெயர் ஆகிவிட்டது, அவள் அம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். கடைசியாகப் பொத்தான், மூன்றரை வயது. அவன் மாமா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் பொத்தான்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, பிறந்ததிலிருந்து இவனுக்கு அவைதான் விளையாட்டுச் சாமான். எங்கே எந்தப் பொத்தானைக் கண்டாலும் ஒரு அமுக்கு. இவனிடம் ஒரே ஒரு கவலை, வெளியே இறங்கினால் நடக்க மாட்டான். காலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஆனாலும் யார் இடுப்பிலாவது தோளிலாவது ஏறிக்கொள்ள வேண்டும், கீழே விட்டால் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். பேச்சும் அளந்துதான். ஐந்து பேருக்கும் நான் அத்தை.

அந்த மாமாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட்காரர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். பொத்தானின் அம்மாவுக்கு அண்ணன், ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தங்கை வீட்டு மாடியில் தனி அறையில் இருக்கிறார். தங்கைக்குக் காலை ஷிப்ட் என்பதால் பையனைக் கொண்டுவந்து விடுவதும் சாயந்திரம் கூட்டிப் போவதும் இவர் வேலை. ஒன்றரை வருஷமாக வருகிறார், ஒருநாள்கூட வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கேட் கிறீச்சிட்டால் மறுநாள் கிறீச்சிடாது. அழைப்புமணி அழுதுகொண்டே அடித்தால் அடுத்த வாரம் ஒழுங்காக அடிக்கும். கேட்டால், "பையில எண்ணெய் இருந்தது, சும்மா விட்டேன்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுத வந்தேன், ஆனால் அவர் நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை எதற்காகக் கவனித்து வைத்தேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் குன்று தெரியுமே, உச்சியில் ஒரு பெரிய உருண்டைப் பாறை, ஒரு சின்னக் கல்லின் மேல் நுனிக்காலில் நிற்கிற மாதிரி, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று. ஊரெல்லாம் விழாத பாறை என்று சொல்கிறது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பாத்திரம் கழுவியிருக்கிறேன், ஒருநாளாவது போனோமா? அப்பா வருஷா வருஷம், "இந்த லீவுக்குக் கண்டிப்பா" என்பார், லீவு வரும், வெயில் அதிகம் என்போம், மழை வரும் போலிருக்கிறது என்போம், அப்புறம் அப்பாவே இல்லை. இந்த 'ஏன்' ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள். "அத்தை, அது ஏன் விழல?" என்றாள். கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்றேன். "ஏன் கெட்டியா உக்காந்திருக்கு?" என்றாள். சாப்பாடு ஊட்டும்போது கேட்டாள், மூக்கைத் துடைத்துவிடும்போது கேட்டாள், தூக்கத்தில் ஒருதரம் கண்ணைத் திறந்து கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, நேர்ல போய் அதையே கேட்டுடலாம்" என்று வாயை விட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் வாய் தவறினால் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி, அதுவும் வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது. "எப்போ?" என்று அவன்தான் கேட்டான்.

பெற்றவர்கள் எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள், ஒரு நாள் பிள்ளைகள் களைத்துத் தூங்கட்டும் என்ற ஆசை அவர்களுக்கு. குன்றின் அடிவாரத்தில் இருக்கும் காவலாளியிடம் முன்கூட்டியே போய் விசாரித்தேன், "தள்ளுவண்டியே போகும்மா, அவ்வளவு நல்ல பாதை" என்றார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், எனக்கு உதவிக்கு வரும் பெண்ணுக்குப் பல்வலி, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேராவது இல்லாமல் நான் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதில்லை, உனக்குத் தெரியும். நிறுத்திவிடலாம் என்று வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன், பொத்தானை இறக்கிவிட்டுப் போகாமல் நின்ற லிஃப்ட்காரர், "நான் வரேன். எனக்கு அன்னைக்கு வேலை இல்ல" என்றார். அன்றைக்கு அவருக்கு வேலை இருந்தது என்பதும், மேலாளரிடம் கெஞ்சி லீவு வாங்கினார் என்பதும் பிறகு அவர் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு நடக்கிற செருப்பு சரியாக இல்லை. பரணில் இருந்த அப்பாவின் கான்வாஸ் ஷூவை எடுத்து, முன்னால் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் சர்க்கஸ்காரி மாதிரி இருந்தது, இருந்தாலும் கால் அதில் இதமாக உட்கார்ந்தது.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும்போது பிடித்துக்கொள்ள முடிச்சுக் கயிறு ஒன்று வைத்திருக்கிறேன், ஆளுக்கொரு முடிச்சு, முடிச்சை விட்டால் பிஸ்கட் கிடையாது. முன்முனையில் நான், பின்முனையில் லிஃப்ட்காரர், அவர் தோளில் பொத்தான். வேனிலிருந்து இறங்கிப் பாதையில் கால் வைத்ததும் இடது வலப்பக்கம் இழுத்தான், வலது இடப்பக்கம் இழுத்தான், நடுவில் இருந்த வக்கீல், "ரெண்டு பேரும் இழுத்தா நான் நடக்க வேண்டாம்தானே" என்று காலை மடக்கிக்கொண்டு தொங்கினான். ஒரு பெஞ்சைக் கண்டால் உட்காருவது, ஒரு எறும்பு வரிசையைக் கண்டால் படுப்பது, ஒரு குட்டையைக் கண்டால் குதிப்பது. ஒருத்தன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் ஐந்து பேருக்கும் வந்துவிடும். தள்ளுவண்டிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், கைத்தடி வைத்த ஒரு கிழவர் தாண்டிப் போனார், அவரே திரும்பி இறங்கி வரும்போது நாங்கள் அதே வளைவில் இருந்தோம். இரட்டையர்கள் அழகான கல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி லிஃப்ட்காரரின் கால்சட்டைப் பையில் போட்டார்கள், அவர் வாங்கிக்கொண்டே வந்தார், கொஞ்ச தூரத்தில் பார்த்தால் மனிதர் ஒரு கையால் கயிறும் ஒரு கையால் இடுப்புமாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மூச்சு வேறு புஸ்புஸ் என்று வாங்குகிறது. "என்னங்க, உட்காரலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, "நாப்பது வருஷமா ஊரையே மேல ஏத்திவிட்டிருக்கேன். நான் ஏறிப் பழக்கமில்ல" என்றார், முகத்தைத் துளியும் மாற்றிக்கொள்ளாமல். சிட்டு, எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு. நின்று சிரிக்க முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று 'ஏன்' கேட்டாள், பதில் சொல்ல வாயைத் திறந்தால் மறுபடி சிரிப்பு. பிள்ளைகளும் காரணம் தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயிற்றுத் தசை வலிக்கிற வரை சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கும்போது ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. நான் குனிவதற்கு முன்னால் அவர் பொத்தானையும் தோளில் வைத்துக்கொண்டே மண்டியிட்டு அதைக் கட்டினார். அது ஆண்பிள்ளை ஷூ என்பதும் யாருடையது என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு லேஸையும் ஒரே அளவாக, அவ்வளவு மரியாதையாகக் கட்டிவிட்டு எழுந்தார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜன்னலிலிருந்து பார்க்கிற பாறை இல்லை அது. நம் வீட்டை அப்படியே தூக்கி உருட்டி வைத்த மாதிரி இருக்கிறது, அடியில் பார்த்தால் ஒரு சாப்பாட்டு மேஜை அகலத்துக்குத்தான் அடிக்கல்லைத் தொடுகிறது. கத்திக்கொண்டே வந்த ஐந்து பேரும் கப்பென்று அடங்கிவிட்டார்கள். அப்புறம் வலது ஓடிப் போய் அதைத் தள்ளினான். இடது அந்தப் பக்கம் ஓடிப் போய் எதிர்ப்புறமாகத் தள்ளினான். "நீங்க ரெண்டு பேரும் தள்றதாலதான் விழல" என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னான். நான் விரிப்பை விரித்து, ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் எடுத்து வைத்தேன். லிஃப்ட்காரர் பொத்தானை ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். நான் தலைகளை எண்ணினேன், பழக்கதோஷம், உட்கார்ந்தால் எண்ணுவேன், எழுந்தால் எண்ணுவேன். நான்கு தலை. மறுபடி எண்ணினேன், நான்கு. கீழே விட்டால் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை, அசையவே அசையாத பிள்ளை, அங்கே இல்லை.

'ஏன்'தான் கையை நீட்டிக் காட்டினாள், "ஓணான் பின்னாடி போயிட்டான்" என்றாள். பாறைக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் ஒரு பிளவு, அதற்குள் அவன் ஷூவின் பின்புறம் மட்டும் தெரிகிறது. மேலே அவ்வளவு பெரிய பாறை, சிட்டு. இத்தனை காலம் விழாதது இன்றைக்கு மட்டும் விழுமா என்று அறிவு சொல்கிறது, அறிவை யார் கேட்டார்கள்? நான் தரையில் விழுந்து கையை உள்ளே விட்டேன், எட்டவில்லை. "வாடா கண்ணா, வெளிய வாடா" என்று கத்தினேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அதைக் கேட்டு மிரண்டு அவன் இன்னும் உள்ளே நகர்ந்து சுருண்டுகொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். லிஃப்ட்காரர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். மற்ற நான்கு பேரையும் முடிச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு என்னையும் அவர்களோடு நிற்கச் சொன்னார். பிறகு சட்டையைப் பற்றிக் கவலையில்லாமல் குப்புறப் படுத்தார், கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். மனிதர் பேசவே மாட்டார் என்றேனே, அப்போது ஒரு குரல் வந்தது, அவசரமே இல்லாத குரல். "ஹலோ. உள்ள யாரு இருக்கீங்க? லிஃப்ட் ஆபரேட்டர் பேசறேன்" என்றார். அழுகை சட்டென்று நின்றது. "எத்தனை பேர் இருக்கீங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "நான்" என்று வந்தது. "நல்லது. லைட் எரியுதா?" "இல்ல." "பரவால்ல, கரண்ட் வந்துடும். நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன், நீங்க வெளிய வர்ற வரைக்கும் பேசிட்டே இருப்பேன். பக்கத்துல உருண்டையா ஒரு கல்லு இருக்கா பாருங்க." "இருக்கு." "அதுதான் பொத்தான். ஒரு தரம் அமுக்குங்க." எங்கள் ஐந்து பேருக்கும் மூச்சே இல்லை. உள்ளே என்ன அமுக்கினானோ தெரியாது, இவர் வெளியே படுத்தபடி, "ட்டிங்!" என்று மணி அடித்தார். "தரைத்தளம். கதவு திறக்குது. தலையைக் குனிஞ்சுகிட்டு மெதுவா வெளிய வாங்க" என்றார். முதலில் ஒரு கை வந்தது, அப்புறம் புழுதி பூசின தலை, அப்புறம் முழு ஆளும் தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, கால்சட்டையைத் தட்டிவிட்டு, "இன்னொரு தரம்" என்றான்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது. அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்ததில் வாயெல்லாம் மண். மற்ற நான்கு பேரும் எங்களுக்கும் லிஃப்ட் வேண்டும் என்று பிளவை நோக்கிப் பாய்ந்தார்கள், பின்னால் இழுத்துப் பிடித்துத் தூரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே வேறு லிஃப்ட் நிறுவ வேண்டியதாயிற்று. லிஃப்ட்காரர் எழுந்து பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாட்டில் மூடியைத் திருப்பி மூடப் பார்த்தார், முடியவில்லை, விரல்கள் அப்படி நடுங்கின. உள்ளே பேசிய குரலில் ஒரு நூல் நடுக்கம் இல்லை, எல்லாவற்றையும் விரல்களில் அடக்கி வைத்திருந்திருக்கிறார். நான் பாட்டிலை வாங்கி மூடிக் கொடுத்தேன். "உள்ள இருக்கறவங்களுக்கு நம்ம குரல் மட்டும்தான் தெரியும்" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர் சட்டையின் அந்த வேறு நிறப் பொத்தானை மாற்றித் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இதை உன்னிடம் எழுதும்போது காதெல்லாம் சூடாகிறது, படித்துவிட்டுச் சிரிக்காதே.

சாப்பிட உட்கார்ந்தோம். 'ஏன்' முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தவள், இந்தத் தடவை கேள்வியை லிஃப்ட்காரரிடம் போட்டாள். அவர் யோசித்து, "எடை முழுக்க நேரா நடுவுல இறங்குது பாப்பா, அதான்" என்றார். அவளுக்குத் திருப்தி. இத்தனை நாள் என்னை அரைத்துக் குடித்தவள், ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டாள், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அடங்கினாள் என்று நினைத்தால், அடுத்த வாய் முட்டையோடு அடுத்ததைக் கேட்டாள், "நீங்க ஏன் தினமும் கதவுகிட்டயே நின்னுட்டுப் போயிடறீங்க? ஏன் உள்ள வர்றதில்ல?" என்றாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே விளையாட்டாக, "உள்ள வாங்கன்னு யாரும் கூப்பிடலையே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் குப்பென்று சிவந்து, ரொட்டியைப் பொடிப்பொடியாக ஆக்கிவிட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற வேலையைப் பார்த்திருக்கலாம். என் வாய் என்னைக் கேட்காமல், "வாங்களேன்" என்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் விடுவானா? "எத்தனை நாளைக்கு?" என்றான். லிஃப்ட்காரர், "அதை அத்தைதான் சொல்லணும்" என்றார், பிள்ளையிடம் சொல்கிற மாதிரி என்னைப் பார்த்தபடி. காற்று சுத்தமாக நின்றுவிட்டது போல இருந்தது. "இருக்கற வரைக்கும்" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து இடது பால் டம்ளரைத் தட்டிவிட்டான், வலது அதற்கு மேல் உட்கார்ந்தான், நாங்கள் இரண்டு பேரும் துணியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமிருந்து துடைக்க ஆரம்பித்தோம், துடைத்துக்கொண்டே இருந்தோம், பால் போன பிறகும்.

இறங்கும்போது பொத்தான் தோளில் ஏறவில்லை. முடிச்சுக் கயிற்றில் ஒரு முடிச்சைத் தானாகப் பிடித்துக்கொண்டு, வழியில் உருண்டையாக எந்தக் கல்லைக் கண்டாலும் அமுக்கிவிட்டு, அடிவாரம் வரை தன் காலாலேயே நடந்தான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதே. தோள் காலியான லிஃப்ட்காரர் முன்னால் வந்து என் பக்கத்தில் நடந்தார். பாதி வழி வந்த பிறகு, "மேல சொன்னது... பிள்ளைங்க கேட்டதுக்காகச் சொன்னீங்களா?" என்றார். "பிள்ளைங்க முன்னாடி நான் பொய் சொல்றதில்லைங்க" என்றேன். அவர் மெதுவாகப் பாட ஆரம்பித்தார். ஐயோ சிட்டு, சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பிள்ளைகள் எல்லாம் கூடச் சேர்ந்து கத்தினார்கள். நானும்.

இரகசியமாக வைத்துக்கொண்டு முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வேனிலேயே முடிவு செய்திருந்தேன். நடக்கிற காரியமா? வக்கீல் தன் வீட்டு வாசலில் இறங்கும்போதே, "அம்மா, அத்தை பொத்தான் மாமாவைக் கட்டிக்கப் போறாங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சாட்சி சொல்லிவிட்டான். பொத்தானின் அம்மா வேலை உடையோடே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணின்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டு அழுதாள். பால்காரர் சிரித்தார். உன் சித்திக்கு எப்படியோ காற்றுவாக்கில் போய், "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?" என்று ஃபோனில் கேட்டாள். "இந்த வயசுலதான் நேரம் கிடைச்சுது" என்றேன். அப்புறம் அவளும் சிரித்துவிட்டு, என்ன நிறத்தில் உடுத்தப் போகிறாய் என்று விசாரித்தாள். ஊரே தெரிந்துகொண்ட பிறகு நீ மட்டும்தான் பாக்கி, அதனால்தான் முந்தாநாள் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அப்படி மூச்சு முட்டியது.

இப்போது கொஞ்சம் நிதானமாக ஒன்று எழுதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை சிட்டு, நான் குன்றின் மேலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் நீ முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது, இந்தச் சந்தோஷத்தில் பாதி அங்கேயே செத்துப்போகும். அப்பாவை எண்ணி நீ அழலாம், நானும் இந்த வாரம் அழுதேன், சிரிப்புக்கு நடுவிலேயே அழுதேன். அவர் இருந்த இடம் அவருடையது, அதில் யாரும் உட்காரப்போவதில்லை. இவரும் அதைக் கேட்கிற மனிதர் இல்லை. நேற்றுச் சாயந்திரம் முதல்முறையாக உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று என்னைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறார், அதை நான் கவனித்துக்கொள்கிறேன். வேகமாகச் சாப்பிடுகிறார். குறட்டை விடுவாரா என்று தெரியாது. உன்னைப் பற்றி நிறையக் கேட்டார், உனக்கு என்ன பிடிக்கும், கோபம் வந்தால் எப்படிப் பேசுவாய் என்று கேட்டார். கடைசியில், "அவங்க வேண்டாம்னு சொன்னா நான் பழையபடி கதவுகிட்டயே நின்னுக்கறேன், பையனைக் கொண்டுவந்து விடறதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார். அதைக் கேட்டு என் நெஞ்சு என்ன பாடு பட்டது என்று நீ ஒரு பெண்ணாக யோசித்துப் பார், மகளாக அப்புறம் யோசிக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்கு இரண்டு சாக்ஸ் போடு, இருமலுக்கு வெந்நீர் குடி, லேபில் பசிக்கிறபோதே சாப்பிடு, பிறகு பார்க்கலாம் என்று வைக்காதே. அறைத் தோழியிடம் விசாரித்ததாகச் சொல். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், நோய்நொடி அண்டாமல், மனதுக்குப் பிடித்த மனிதர்கள் சூழ, சிரித்த முகமாய் நீ நூறாண்டு வாழ வேண்டும் என்று என் இரண்டு கையையும் உன் தலையில் வைத்துச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன் லீவு என்றைக்குக் கிடைக்கும் என்று இன்றைக்கே மேலதிகாரியிடம் கேள். பதிவு அலுவலகத்தில் நாள் குறிக்காமல் வைத்திருக்கிறோம், நீ வந்து பக்கத்தில் நிற்காமல் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். எவ்வளவு நாளானாலும் காத்திருப்போம் என்று அவர் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு ரொம்ப அவசரம், சீக்கிரம் வா.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் ஆயிரம் முத்தங்களோடும்,
உன் அம்மா